பாஃபிள் சீலிங் தொங்கியும் சத்தம் குறையவில்லையா? ஆர்டர் கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை பைபாஸ் ரோட்டிலும் கே.கே. நகரிலும் புதிதாகத் திறக்கும் ஓட்டல், ஷோரூம், கோச்சிங் சென்டர் என எதற்குள் நுழைந்தாலும் தலைக்கு மேல் வரிசையாகப் பட்டைகள் தொங்குகின்றன. இவைதான் பாஃபிள். பார்க்க அழகுதான். ஆனால் கூச்சலைக் குறைக்கவே போட்டதாகச் சொல்லும் முதலாளி, பரிமாறும் சப்ளையரைக் கூப்பிட இன்னமும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார். சதுர அடி ரேட்டும் கலரும் முடிவான பிறகு, கடைசியாகத்தான் சத்தத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. பல இடங்களில் அதுவும் வருவதில்லை.

அடிக்கடி பார்க்கும் தவறு, பாஃபிள் மாதிரி இருப்பதை எல்லாம் பாஃபிள் என்று வாங்கிவிடுவது. அலுமினியப் பட்டை, டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) பட்டை, மர நிறம் ஒட்டிய எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பட்டை ஆகியவற்றின் முகம் வழவழப்பாக மூடியிருக்கும். ஒலி அதில் பட்டுத் திரும்பி வந்துவிடும். ஒலியைக் குடிக்க வேண்டுமானால் பொருளில் நுண்துளைகள் வேண்டும். காற்று அந்தத் துளைகளுக்குள் போய் உரசி, ஒலியின் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். துணி சுற்றிய கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு), ராக் வுல் (பாறை இழைப் பஞ்சு), பாலியஸ்டர் ஃபெல்ட் (அழுத்திய நார் அட்டை) எல்லாம் இதைச் செய்யும். அலுமினியமே வேண்டும் என்றால் துளையிட்டு உள்ளே கிளாஸ் வுல் வைத்த வகை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து நிறம் மங்கிவிட்டது என்று பெயின்டரை ஏற்றி ஃபெல்ட் மேல் பெயின்ட் அடிப்பவர்களும் உண்டு. அத்தோடு துளைகள் அடைபட்டுவிடும். காசு கொடுத்து வாங்கிய பாஃபிள் வெறும் பலகையாகிவிடும்.

அடுத்தது கணக்கு. இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது, ஆனால் கணக்கு கடினமானதே இல்லை. 1890களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு வகுப்பறையில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. அதைச் சரிசெய்யச் சொன்னபோது வாலஸ் சபைன் என்ற பேராசிரியர், இருக்கை மெத்தைகளை உள்ளே கொண்டுவந்து போட்டுப் போட்டு அளந்து ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது ஒலியைக் குடிக்கும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால், முழக்கம், அதாவது பட்டுப் பட்டுத் திரும்பும் ஒலி, அடங்க எத்தனை விநாடி ஆகும் என்று தெரியும். அதாவது ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரம்.

நம் ஊர் ஓட்டல் ஹால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். அடிக்கணக்கில் சுமார் 49க்கு 33, உயரம் 13. கன அளவு 600 கன மீட்டர். டைல் தரை, பூசிய சுவர், கண்ணாடி முகப்பு, கிரானைட் மேசை. எதுவும் ஒலியைப் பெரிதாகக் குடிக்காது. எல்லாம் சேர்ந்து 20 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு என்று வைத்தால் முழக்கம் ஏறக்குறைய 4.8 விநாடி. சாப்பிட்டுக்கொண்டே பேச 0.8 விநாடி போதும் என்றால் 120 சதுர மீட்டர் வேண்டும். இருப்பதுபோக இன்னும் 100. ஒரு பாஃபிள் அரை சதுர மீட்டர் தரும் என்று அதன் சோதனை அறிக்கை சொன்னால், 200 பாஃபிள். "நாப்பது மாட்டினா போதும் சார்" என்பவரிடம் இந்தக் கணக்கை நீட்டுங்கள். உள்ளே இருக்கும் ஆட்களும் ஒலியைக் குடிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் பேசுவதும் அவர்கள்தானே.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. உறிஞ்சும் பரப்பை இரு மடங்காக்கினால் முழக்கத்தின் அளவு 3 டெசிபல்தான் குறையும். 20ஐ 120 ஆக்கினால் கிட்டத்தட்ட 8 டெசிபல் குறையும், காதுக்கு நன்றாகவே தெரியும். அதற்கு மேல் 120ஐ 240 ஆக்கினாலும் கிடைப்பது இன்னொரு 3தான். பில் மட்டும் இரட்டிப்பாகும்.

கூட்ட நேரத்தில் இன்னொன்றும் நடக்கும். இரைச்சலில் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் எழுதிவைத்தது இது. பக்கத்து மேசை கத்த, இந்த மேசை அதற்கு மேல் கத்தும். முழக்கம் குறைந்தால் இந்தப் போட்டியும் குறையும். அதனால் நிறைந்த ஹாலில் பலன் காகிதக் கணக்கைவிடக் கூடுதலாகவே தெரியும்.

கேட்டலாக்கில் பெரிதாக அச்சடித்திருக்கும் என்.ஆர்.சி. எண்ணை (பொருள் ஒலியில் எவ்வளவு பங்கைக் குடிக்கும் என்பது) மட்டும் நம்புவதும் ஆபத்து. அது 250 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை நான்கு இடங்களில் அளந்த சராசரி. பேச்சுக்குப் பரவாயில்லை. கல்யாண மண்டபத்துக்கு? தவிலின் தொப்பிப் பக்கமும் டி.ஜே. ஸ்பீக்கரின் பேஸும் அதற்குக் கீழே இருக்கின்றன. 125 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 2.7 மீட்டர், 9 மி.மீ. ஃபெல்ட் அதை என்ன செய்துவிடும்? மண்டபம் என்றால் 50 மி.மீ. அல்லது அதற்கும் தடித்த கிளாஸ் வுல், கூடவே சுவரில் இடைவெளி விட்டுப் பொருத்தும் பேனல் என்று யோசிக்க வேண்டும். பாஃபிளுக்குத் தனியாக ஒரு பீஸுக்கு எவ்வளவு உறிஞ்சும் என்ற சோதனை அறிக்கை கேளுங்கள், எந்த இடைவெளியில் தொங்கவிட்டு அளந்தார்கள் என்பதையும் சேர்த்து. நெருக்கி மாட்டினால் ஒன்றை ஒன்று மறைத்து, ஒவ்வொன்றின் பலனும் குறையும்.

பாஃபிளால் முடியாததை அதனிடம் எதிர்பார்த்து ஏமாறுகிறவர்களும் நிறைய. மேனேஜர் கேபினில் பேசுவது வெளியே கேட்கிறது என்றால் காரணம் பெரும்பாலும், பார்ட்டிஷன் ஃபால்ஸ் சீலிங் மட்டத்தோடு நின்றுவிட்டதுதான். அதை கான்கிரீட் வரை ஏற்ற வேண்டும். கோரிப்பாளையம் பஸ் ஹாரன் உள்ளே வருகிறதா, கண்ணாடியையும் கதவு இடுக்கையும் பாருங்கள். தகரக் கூரையில் மழை விழும் சத்தம், கூரைக்கு மேலோ ஒட்டியோ தீர்க்க வேண்டிய விஷயம். வாசலில் கொத்து பரோட்டா கொத்துகிற சத்தம் முன்வரிசை மேசைக்கு நேராகவே வந்து சேரும். பாஃபிள் குறைப்பது சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்புவதைத்தான். கல்லுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு வைப்பது இதைவிட மலிவு. மாஸ்டரை மட்டும் மெதுவாகக் கொத்தச் சொல்லாதீர்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் பாதிக் கூட்டமே வருகிறது.

ஏசி, ஃபேன், ஸ்பிரிங்க்ளர் (நெருப்பு பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் குழாய்முனை), லைட் எல்லாம் பாஃபிளோடு ஒரே வரைபடத்தில் வர வேண்டும். சீலிங்கில் பதிக்கும் கேசட் ஏசியின் காற்று சீலிங்கை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடும். அதற்குக் குறுக்கே பாஃபிள் தொங்கினால் காற்று பாதியிலேயே கீழே விழும். மே மாத வெயிலில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்தவர் நடுங்குவார், ஜன்னலோரம் இருப்பவர் வியர்த்துக் கொட்டுவார். காற்று ஓடும் திசைக்கு இணையாக மாட்டுங்கள், இல்லையேல் ஏசியின் முகத்தைப் பாஃபிளின் கீழ்விளிம்பு மட்டத்துக்கு இறக்குங்கள். ஃபேன் இறக்கைக்குப் பக்கத்தில் மெல்லிய ஃபெல்ட் தொங்கினால் நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்க்ளர் பாஃபிளுக்கு மேலே மறைந்துபோனால், நெருப்பு பிடிக்கும் நாளில் தண்ணீர் பரவ வேண்டிய இடத்தை அந்தப் பட்டைகளே மறிக்கும். தீயணைப்பு வேலை எடுத்தவரிடம் பாஃபிள் வரைபடத்தைக் காட்டாமல் ஆணி அடிக்கவே கூடாது.

நெருப்பு என்றதும் ஒன்று. விலை மலிவு என்று முட்டை அட்டை வடிவ ஃபோமை எந்தச் சான்றும் இல்லாமல் ஒட்டுகிறார்கள். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், மேடை வாணவேடிக்கையின் பொறி சுவரில் சத்தத்துக்காக ஒட்டியிருந்த ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். நம் மண்டபங்களில் மணமக்கள் மேடைக்கு வரும்போது இரு பக்கமும் பொறி பறக்கவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஃபெல்ட் வாங்கினாலும் தீச்சோதனை அறிக்கை கேளுங்கள். ஐரோப்பியத் தரத்தில் டி0 என்று இருந்தால், எரியும்போது நெருப்புத் துளிகள் சொட்டாது என்று பொருள்.

ஒட்டடையையும் கணக்கில் எடுங்கள். திறந்த சமையலறை உள்ள ஓட்டலில் எண்ணெய்ப் புகை ஃபெல்ட்டில் படிந்து பிசுபிசுக்கும். அந்தப் பகுதிக்கு வெளிர் நிறம் வேண்டாம், கழற்றிச் சுத்தம் செய்யும் கொக்கி வேண்டும். சீலிங் உயரமே ஒன்பது அடிதான் என்றால் பாஃபிளை விட்டுவிட்டு மேலே ஒட்டும் பேனல் போடுங்கள்.

எத்தனை மாட்டுவது என்பதில் உறுதியில்லையென்றால், பாஃபிளை மாட்டும் டிராக்கை ஹாலின் முழு நீளத்துக்கும் அடித்துவிட்டு, கணக்கில் வந்ததில் முக்கால் பங்கை மட்டும் முதலில் மாட்டச் சொல்லலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியப் பந்தி நேரத்தில் நடு மேசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, மீதியை மாட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். கூடுதல் பீஸுக்கும் இதே ரேட் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.