தொட்டிக் கறிவேப்பிலையும் போர் தண்ணீரும்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடித் தொட்டியில் இருந்த கறிவேப்பிலையின் கொழுந்துகள் சென்ற கோடையில் மஞ்சளாயின. நரம்புகள் மட்டும் பச்சையாகவே நின்றன. அடுத்த வீட்டு அக்கா சொன்னபடி ஒரு மாதம் புளித்த மோர் ஊற்றியும் எறும்புதான் வந்தது. முதிர்ந்த இலைகள் பசுமையாக இருக்க, இளந்தளிர் மட்டும் இப்படி வெளுத்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை என்பதையும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் எங்கள் போர் தண்ணீரின் காரத்தன்மையால் மண்ணில் உள்ள இரும்பு கரையாமல் வேருக்கு எட்டாது போகிறது என்பதையும் பிறகே அறிந்தேன். உரக்கடையில் வாங்கிய அன்னபேதி என்னும் இரும்பு உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் 10 நாள் இடைவெளியில் இருமுறை இலைகளில் தெளித்தேன்; கைப்பிடிச் சுவரில் பட்ட துருக்கறை இன்னும் போகவில்லை. மூன்றாம் வாரத்தில் துளிர்த்த கொழுந்து பச்சையாகவே வந்தது. இப்போது அதற்குப் பிடித்து வைத்த மழைநீர்தான்.