அமெரிக்கக் கனவுக் கதைகள்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உழைத்தால் யாரும் உயரலாம் என்ற அமெரிக்கக் கனவு பொய்த்துப்போவதைச் சொல்லும் கதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ‘பேராசை பெருநஷ்டம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. நாயகன் அளவுக்கு மீறி ஆசைப்பட்டான், அழிந்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டால், கதையில் வரும் கடனையும் கூலியையும் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ (1949) நாடகத்தில், ஊர் ஊராகச் சுற்றிச் சரக்கு விற்கும் வில்லி லோமன் கொண்டுவந்த கமிஷனை வைத்து மனைவி லிண்டா கணக்குப் போடுகிறாள். ஃபிரிட்ஜுக்கு 16 டாலர். பெல்ட் அறுந்த செலவு 1.80 அதில் சேர்த்தி. வாஷிங் மெஷினுக்கு 9.60. கூரை வேலையில் 21 பாக்கி. இதில் எங்கே இருக்கிறது பேராசை? பிறகு, அலைய முடியாத வயதில், முதலாளி முன் நின்று உள்ளூரிலேயே வேலை கேட்கிறான். வாரம் 65 டாலர் என்று தொடங்கி, 50-க்கு இறங்கி, 40 போதும் என்கிறான். 34 ஆண்டு உழைத்த நிறுவனம் அவனைக் கைகழுவிவிடுகிறது.

வில்லி குற்றமற்றவன் என்று நான் வாதாடவில்லை. நாலு பேருக்குப் பிடித்தவனாக இருந்தால் போதும் என்று பிள்ளைகளை நம்பவைத்துக் கெடுத்தவன் அவன். அந்த நம்பிக்கை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 84 வயதிலும் ஹோட்டல் அறையில் உட்கார்ந்தபடி தொலைபேசியிலேயே வியாபாரம் செய்த ஒரு கிழவரைப் பார்த்துத்தான் அவன் இந்தத் தொழிலுக்கு வந்தான். அவருடைய இறுதிச் சடங்குக்கு நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். வில்லியின் சடங்குக்குக் குடும்பத்தாரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் தவிர யாரும் வரவில்லை. வீட்டுக் கடனின் கடைசித் தவணையை லிண்டா கட்டியது அன்றைக்குத்தான்.

உழைத்தால் உயரலாம் என்ற வாக்கை அப்படியே எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. ஹொரேஷியோ ஆல்ஜரின் ‘ராகெட் டிக்’ (1868) கதையில் ஷூ பாலிஷ் போடும் சிறுவன் நேர்மையானவன், சேமிக்கிறவன். ஆனால் அவனுக்குக் குமாஸ்தா வேலை கிடைப்பது, படகிலிருந்து தண்ணீரில் விழுந்த பணக்காரர் மகனைக் காப்பாற்றியதால். ‘தி கிரேட் கேட்ஸ்பி’யில் (1925) விருந்துகளின் பளபளப்போடு நின்றுவிடாதீர்கள். கடைசியில் விருந்து கொடுத்த நாயகன் கேட்ஸ்பியின் தந்தை ஒரு பழைய புத்தகத்தைக் காட்டுகிறார்; சிறுவயதில் மகன் அதில் எழுதிவைத்த கால அட்டவணை: காலை ஆறுக்கு எழுவது, உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிய படிப்பு. அந்த முயற்சி உண்மையானது. செல்வம் வந்த வழியோ கள்ளச்சாராயம்.

எல்லோருடைய ஏமாற்றத்தையும் ‘மாயை’ என்று ஒரே பெயரில் அழைப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ (1959) நாடகத்தில், சிகாகோவின் கறுப்பினக் குடும்பம் ஒன்று இறந்த தந்தையின் காப்பீட்டுப் பணத்திலிருந்து வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறது. குடிவராமலிருக்கப் பணம் தருவதாக அந்தப் பகுதிச் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து பேசுகிறார். இவர்கள் எந்த மாயையிலும் இல்லை. வழியை அடைத்து நிற்பவர் வீடு தேடி வந்து, பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறார்! ஹான்ஸ்பெரியின் தந்தையே இப்படியொரு வீட்டுத் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர்; 1940-இல் தீர்ப்பு வந்தது.

படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றி எழுதுவதும் வேண்டாம். ஸ்டைன்பெக்கின் ‘த கிரேப்ஸ் ஆஃப் ராத்’ (1939) நாவலில் நிலத்தை இழந்து வேலை தேடிக் கலிஃபோர்னியா வந்த ஜோட் குடும்பம் அரசு முகாமில் நிம்மதியாகத் தங்குகிறது. வேலை இல்லாததால் கிளம்பி, பீச் பழத் தோட்டத்தில் சிக்குகிறது. அங்கே பெட்டிக்கு 5 சென்ட் கூலி இரண்டரையாகிறது. ஜான் ஃபோர்டின் படத்தில் (1940) தோட்டம் முதலில் வருகிறது, முகாம் பிறகு. நிகழ்ச்சிகள் அவைதான்; வரிசை மாறியதும் சரிவு மீட்சியாகத் தெரிகிறது.