ஆத்தங்குடி டைல்ஸைத் துணியில் தைக்கலாம்: கிராஸ் ஸ்டிச் பழகுகிறவர்களுக்கு

கிராஸ் ஸ்டிச் பழக ஆரம்பித்தவர்கள் முதலில் கேட்பது, "டிசைன் எங்கே கிடைக்கும்?" என்பதைத்தான். போனில் தேடினால் பனி மூடிய வீடும் கரடி பொம்மையும் வந்து நிற்கும். அழகுதான். ஆனால் தைத்து முடித்து நம் வீட்டில் எங்கே மாட்டுவது? காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். வளவில் (வீட்டு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) பதித்த ஆத்தங்குடி டைல்ஸ், கண்டாங்கிச் சேலை, பனை ஓலையில் பின்னிய கொட்டான் (கூடை), பொங்கலுக்குப் போடும் நடுவீட்டுக் கோலம் எல்லாமே கட்டத்திலும் கோட்டிலும் அமைந்தவை. கிராஸ் ஸ்டிச்சும் கட்டம்தானே.

இங்கே நான் சொல்லப்போவது, ஒரு ஆத்தங்குடி டைல்ஸைப் பார்த்து நாமே கட்டப்படம் வரைந்து தைப்பது. ஊசியில் நூல் கோக்கத் தெரியும், பெருக்கல் குறி போலத் தைப்பதுதான் இந்தத் தையல் என்றும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

வாங்க வேண்டியவை

துணியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 14 கவுண்ட் ஐடா துணி வாங்குங்கள். ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம் என்று அர்த்தம். ஃபேன்ஸி ஸ்டோரில் இதைப் போலவே கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணிதான் சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. பழக அது போதும், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நூல் ஆங்கரோ டிஎம்சியோ எதுவானாலும் சரி. ஒரு லச்சி 8 மீட்டர், அதில் 6 இழை. 14 கவுண்டுக்கு 2 இழை போதும். இரண்டு கம்பெனியின் நிற எண்களும் வேறு வேறு. ஒன்றுக்கு இணையாக இன்னொன்றைக் காட்டும் பட்டியல்கள் கிடைக்கின்றன, ஆனால் நிறம் ஏறக்குறையத்தான் பொருந்தும். அதனால் ஒரு வேலைக்கு ஒரே கம்பெனி நூல்.

ஊசி 24ஆம் நம்பர், முனை மழுங்கியது. சாதாரணத் தையல் ஊசி ஓட்டையைத் தேடாமல் துணி இழையையே குத்திக்கொண்டு போகும். துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தில் என் ஓட்டு திருகாணி வைத்த 6 அங்குல மர வளையத்துக்கு. பிளாஸ்டிக்கில் துணி நழுவிக்கொண்டே இருக்கும். எதுவானாலும் தைத்து எழுந்திருக்கும்போது கழற்றி வையுங்கள், இல்லையென்றால் வட்டத் தடம் விழுந்துவிடும்.

டைல்ஸிலிருந்து கட்டப்படம்

எடுத்ததும் டைல்ஸுக்குப் போகாமல், ஒரு கண்டாங்கிக் கரையை விரலகலத்துக்குத் தைத்துப் பாருங்கள். அரக்கு, மஞ்சள், கறுப்பு, மூன்றே நிறம், எல்லாம் நேர்கோடு. கை பழகிவிடும்.

டைல்ஸைப் படம் எடுக்கும்போது நேர் மேலே நின்று எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் சதுரம் சரிவகமாகிவிடும். போன் கேமராவில் கட்டக்கோடு வரும் வசதியைப் போட்டு, டைல்ஸின் விளிம்பை அந்தக் கோட்டோடு பொருத்துங்கள். காலை வெயில் முற்றத்தில் இறங்குவதற்கு முன்பே எடுத்துவிட்டால் நல்லது. இந்த டைல்ஸைக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் வார்க்கிறார்கள், அதனால் முகம் வழவழவென்று இருக்கும், வெயில் பட்டால் படத்தில் பளீரென்று அடிக்கும்.

படத்தை அப்படியே நகல் எடுக்க நினைக்காதீர்கள். உலோக அச்சுக்குள் நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றிச் செய்வதால் ஒரு இதழ் கொஞ்சம் பருத்திருக்கும், ஒரு கோடு லேசாக வழிந்திருக்கும். தரையில் அதுதான் அழகு. கட்டத்தில் அது பிசிறாகத் தெரியும். அச்சு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து அதை வரையுங்கள்.

இதற்குச் செயலிகள் இருக்கின்றன. எனக்குப் பிடிக்காது. நாலு நிற டைல்ஸ் படத்தைக் கொடுத்தால், நிழலையும் அழுக்கையும் சேர்த்து நாற்பது நிறம் கேட்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் கலர் பென்சிலும் போதும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 8 அங்குல டைல்ஸை அதே அளவில் தைக்க நினைத்தால் 8 × 14 = 112 கட்டம். 112க்கு 112 என்றால் 12,544 தையல். முதல் வேலைக்கு இது வேண்டாம். 61க்கு 61 வைத்துக்கொண்டால் 3,721தான், நாலரை அங்குலத்துக்குள் அடங்கிவிடும். சுற்றிலும் இரண்டரை அங்குலம் விட்டு, 10 அங்குலச் சதுரமாகத் துணியை வெட்டுங்கள்.

அது என்ன 61, ஏன் 60 இல்லை? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம்

பெரும்பாலான பூ டிசைன்களில் நாலு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். அதனால் கால்வாசியை மட்டும் வரைந்து, மீதியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நடுவில் ஓடும் வரிசை எந்தக் கால்வாசிக்கும் சொந்தம் இல்லை. அது பொது. இடது பக்கம் 30 கட்டம், நடுவில் 1, வலது பக்கம் 30. நடு வரிசையையும் சேர்த்து 31 கட்டமாகக் கால்வாசி வரைந்து திருப்பினால் 62 வரும். நடுக்கோடு இரட்டையாகப் பருத்துவிடும், பூவின் நடுப்பொட்டு ஒரு கட்டத்துக்குப் பதில் நாலு கட்டமாக உட்கார்ந்திருக்கும். பாதி தைத்த பிறகுதான் கண்ணில் படும்.

வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 9 புள்ளி வைத்தால் நடுப்புள்ளி ஐந்தாவது, இரண்டு பக்கமும் நாலு நாலு. அதே கணக்கு. நோட்டில் முதலில் நடு வரிசை இரண்டையும், நெட்டுக்கு ஒன்று, குறுக்குக்கு ஒன்று, பென்சிலால் லேசாக நிழலடித்துவிட்டு, அதற்கு வெளியே கால்வாசியை வரையுங்கள்.

சில டிசைன் வேறு மாதிரி. ஒரு டைல்ஸில் மூலைக்கு ஒரு கால் பூதான் இருக்கும், நாலைச் சேர்த்துப் பதித்தால்தான் முழுப் பூ தெரியும். அதற்கு நாலு டைல்ஸையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். நடுவில் இருப்பது வெறும் இணைப்பு, அதைத் தைக்கப் போவதில்லை. அங்கே இரட்டைப்படைதான் சரி.

இதழின் வளைவை எப்படிக் கட்டத்தில் கொண்டுவருவது? படிக்கட்டாகத்தான். படிகளின் நீளம் ஒழுங்காகக் குறைந்து கூட வேண்டும்: 4, 2, 1, 1, 2, 4 என்று போனால் கண் அதை வளைவாகவே பார்க்கும். 4, 1, 3, 1 என்று தாறுமாறாகப் போனால் எலி கடித்தது போல இருக்கும்.

தைக்கும்போது

துணியை நாலாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஆரம்பியுங்கள். பத்துக் கட்டத்துக்கு ஒரு முறை வேறு நிறத் தையல் நூலால் ஓட்டுத்தையல் போட்டு வைத்தால் எண்ணுவது பாதியாகக் குறையும். வேலை முடிந்ததும் உருவிவிடலாம். அழியும் பேனாவில் கோடு போடலாம் என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

முடிச்சு வேண்டாம். இரண்டு முழ நீளத்தில் ஒரே இழையை எடுத்து, இரண்டாக மடித்து, இரு முனைகளையும் சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். முதல் குத்தில் பின்னால் நிற்கும் கண்ணிக்குள் ஊசியை விட்டு இழுத்தால் நூல் பூட்டிக்கொள்ளும்.

ஒரே நிறம் வரிசையாக வந்தால், முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு கால் (பெருக்கல் குறியின் ஒரு கோடு), திரும்பி வரும்போது மறு கால். எந்தக் கால் மேலே என்பது உங்கள் இஷ்டம். ஆனால் கடைசித் தையல் வரை அதேதான். மேல்கால் திசை மாறினால் அந்த இடத்தில் வெளிச்சம் வேறு மாதிரி விழும், ஒரே சிவப்பு இரண்டு சிவப்பாகத் தெரியும். டைல்ஸ் டிசைனில் இந்தத் தொல்லை கூடுதல். டிசைனின் நாலு கால்வாசியும் ஒன்றுதானே என்று, கைக்கு வசதியாகத் துணியைச் சுழற்றிச் சுழற்றித் தைக்கத் தோன்றும். கால் சுற்று சுற்றினாலே மேல்காலின் திசை மாறிவிடும். துணியின் மேல் விளிம்பில் ஒரு சேஃப்டி பின் குத்தி வையுங்கள். பின் எப்போதும் உங்களுக்கு எதிர்ப்பக்கமே இருக்கட்டும்.

பின்சேர்க்கை: கமெண்டில் வந்தவை

மேட்டித் துணியில் தைத்த ஒருவருக்குச் சதுரம் நீள்சதுரமாகிவிட்டதாம். நான் சொன்ன சிக்கல் இதுதான். சில மேட்டித் துணியில் நெட்டுக்கும் குறுக்குக்கும் அங்குலக் கணக்கு ஒன்றாக இருக்காது. கடையிலேயே ஸ்கேலை வைத்து இரண்டு பக்கமும் எண்ணிவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டால் கண்டாங்கிக் கரை போடுங்கள், அதில் கொஞ்சம் நீண்டாலும் தெரியாது.

"சிவப்பு சாயம் போகுமா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். அரக்கும் அடர் சிவப்பும் போகக்கூடியவை. தைக்கும் முன்பே ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளை டிஷ்யூவில் அழுத்திப் பாருங்கள். தைத்த பிறகு கசிந்தால் காயவிடக் கூடாது. தண்ணீர் தெளியும் வரை பச்சைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருங்கள். கறை முழுக்கப் போகாமல் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், சூடு பட்டால் சாயம் தங்கிவிடும். இஸ்திரி போடும்போதும் துண்டு விரித்து, தைத்த முகம் கீழே இருக்கும்படி பின்பக்கம்தான்.

டைல்ஸ் வேண்டாம், இன்னும் சின்னதாக ஏதாவது சொல்லுங்கள் என்றவருக்கு: வீட்டில் நிறம் ஏற்றிப் பின்னிய ஓலைக் கொட்டான் இருந்தால் அதன் பக்கத்தை எண்ணுங்கள். ஓலை குறுக்கே மடங்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு தையல். அங்கே கட்டப்படமே தேவையில்லை, கொட்டானை மடியில் வைத்துக்கொண்டே தைக்கலாம். 20 கட்ட அகலத்தில் ஒரு புத்தக அடையாளம் ஆகிவிடும்.