பேஜ்ஸ்பீடு மாட்யூல் போடும்போது கை சுடும் இடங்கள்

தி. நகரில் ஒரு புடவைக் கடை. அவர்களுடைய லினக்ஸ் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், காலை ஆறரைக்கு முதலாளி போன் செய்தார்: “தம்பி, சைட்டே வரல.”

உள்ளே போய்ப் பார்த்தால், பக்கங்களை அனுப்பும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் எழுந்திருக்கவே இல்லை. ராத்திரி அப்டேட் ஓடி, சர்வர் ரீபூட்டும் ஆகியிருக்கிறது. என்ஜின்எக்ஸ் புதிய பதிப்புக்குப் போய்விட்டது. பக்கங்களையும் படங்களையும் தானாகச் சுருக்கி தளத்தை வேகமாக்க, அதோடு சேர்த்து நான் கம்பைல் செய்து வைத்த பேஜ்ஸ்பீடு மாட்யூல் பழைய பதிப்புக்கானது. எந்தப் பதிப்புக்குச் செய்தோமோ அதில் மட்டும்தான் அது ஏறும். கான்ஃபிக் கோப்பில் அதை ஏற்றும் லோட் மாட்யூல் வரியின் முன்னால் ஒரு ஹாஷ் (#) போட்டு மறைத்தேன். மறுபடியும் எர்ரர். பேஜ்ஸ்பீடு என்று தொடங்கும் மற்ற வரிகள் அப்படியே கிடந்தன. மாட்யூல் இல்லாமல் அந்தக் கட்டளைகள் யாருக்குப் புரியும்? அவற்றையும் மறைத்த பிறகுதான் கடை திறந்தது.

தப்பு என்னுடையதுதான். என்ஜின்எக்ஸ் பேக்கேஜ் தானாக அப்டேட் ஆகாதபடி ஹோல்டில் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்பு அப்டேட் வரும்போது மாட்யூலையும் சேர்த்துக் கம்பைல் செய்து, கான்ஃபிக் சோதனை ஓட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சிக்கு ரெடிமேட் பேக்கேஜ் இருப்பதால் இந்தத் தலைவலி குறைவு.

அடுத்தது பேராசை. பேஜ்ஸ்பீடு செய்யும் ஒவ்வொரு சுருக்கும் வேலைக்கும் ஒரு ஃபில்டர் உண்டு; கோர் ஃபில்டர்ஸ் என்ற இயல்பான தொகுப்பே பெரும்பாலான தளங்களுக்குப் போதும். அது போதாதென்று கண்ணில் பட்ட ஃபில்டரையெல்லாம் போடுகிறவர்கள் உண்டு. ஜாவாஸ்கிரிப்டைத் தள்ளிப்போடும் ஃபில்டரைப் போட்டால் பக்கம் சட்டென்று தெரியும், ஆனால் ‘கார்ட்டில் சேர்’ பட்டன் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். ஒவ்வொன்றாகப் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். அட்மின் பக்கங்களை மாட்யூல் தொடாதபடி டிஸ்அலோவில் போட்டுவிடுங்கள்.

போட்டவுடன் ஒரு தடவை திறந்து பார்த்து “வேலை செய்யலை” என்று கழற்றுவதும் நடக்கிறது. மாட்யூல் பின்னணியில்தான் படங்களைச் சுருக்கும். முதல் தடவை பழையபடியே வரும். ரெண்டு மூன்று தடவை ரீஃப்ரெஷ் செய்து, ரெஸ்பான்ஸ் ஹெடரில் பேஜ்ஸ்பீடு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கியதைச் சேமித்து வைக்கும் கேஷ் டைரக்டரியில் எழுத வெப் சர்வர் யூசருக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பேனர் படத்தை மாற்றிவிட்டுப் பழையதே வருகிறது என்று திட்டுவதும் வழக்கம். கேஷ் டைரக்டரிக்குள் ‘கேஷ்.ஃப்ளஷ்’ என்ற வெற்றுக் கோப்பை டச் கட்டளையால் தொட்டால் போதும், பழைய கேஷ் காலாவதியாகிவிடும்.

இன்னொன்று: 2010இல் கூகுள் கொண்டுவந்து, 2017இல் அப்பாச்சி அறக்கட்டளையின் புதிய திட்டங்களுக்கான இன்குபேட்டருக்குப் போன இந்த மாட்யூலை இப்போது பராமரிக்க ஆள் இல்லை. புதிதாக சர்வர் எடுக்கிறவர்களுக்கு இதை நான் போட்டுத் தருவதில்லை. படங்களைச் சிறிய அளவுள்ள வெப்பி வடிவமாக்கி, பக்கங்களைச் சுருக்கி அனுப்பும் பிராட்லியும் கேஷும் வைத்துக் கொடுத்துவிடுகிறேன். புடவைக் கடையிலும் பொங்கலுக்குள் கழற்றிவிட்டேன்.