இறைப்பு மிசினைப் பிரித்துப் பூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் நீர்வேலி, கோண்டாவில் பக்கம் வெங்காயம் நட்டிருக்கும் நேரத்தில் இறைப்பு மிசின் படுத்துவிட்டால் வீட்டில் ஒருவருக்கும் பொறுமை இருக்காது. அந்த அவசரத்தில்தான் முதல் பிழை நடக்கிறது. கழற்றிய சாமான் எல்லாவற்றையும் ஒரு சட்டி பெற்றோலில் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுகிறோம். மிசின் ஏன் படுத்தது என்பதற்கான சாட்சியும் அந்த அழுக்கோடு போய்விடுகிறது.

நான் முதன்முதலில் பிரித்தது சித்தப்பாவின் மிசினை. நீலப்புகை தள்ளியது, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தது, புது ரிங் போட்டேன். அவருக்கும் சந்தோசம். அந்தப் போகம் முடியமுன்னரே மறுபடி புகை. இரண்டாம் முறை கழுவாமல் பார்த்தபோதுதான் கார்பரேட்டர் வாய்க்குள் செம்மண் தூள் ஒட்டிக் கிடந்தது தெரிந்தது. எயார் பில்டர் ஸ்பொஞ்சின் ஓரம் கிழிந்திருந்தது. செம்மண் தூள் ஒயிலோடு சேர்ந்தால் வால்வு தேய்க்கும் பசை மாதிரித்தான் வேலை செய்யும். முதல் முறை அந்தத் தூளை நானேதான் கழுவி ஊற்றியிருக்க வேண்டும்.

ஆகவே கழுவமுன் பில்டரின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிஸ்டன் தலையில் கரி ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒயிலை அளந்து, மணந்தும் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் மிசினில் ஒயில் கூடியிருந்தால், எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கியிருக்கிறது என்று பொருள். சூடேறமுன் பெற்றோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். 90களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் எங்களுடையது. அந்தக் கெட்டித்தனத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அப்படி ஓட்டுபவர் ஒயிலை அடிக்கடி மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது, அளக்காமல் சாமான் வாங்குவது. "68 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்று தாங்கோ" என்று கடையில் கேட்டால் போதாது. ஹொண்டா ஜிஎக்ஸ்160, ஜிஎக்ஸ்200 இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 68தான். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் மட்டும் 45, 54 என்று வேறுபடும். பழைய பிஸ்டனைக் கையோடு கொண்டுபோய், பின் (பிஸ்டனை ரொட்டோடு இணைக்கும் ஊசி) போகும் துளையிலிருந்து தலை வரையுள்ள உயரத்தை ஒப்பிட்டு வாங்குங்கள்.

சிலிண்டரை அளக்கும் கேஜ் எல்லோரிடமும் இருக்காது. சரி, ஒரு புது ரிங்கும், இடைவெளி அளக்கும் தகடுகளான பீலர் கேஜும் போதும். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளுங்கள். தேய்மானம் அதிகமாக இருப்பது மேல் ரிங் திரும்பும் இடத்தில், அதாவது மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே. அங்கே ரிங் வாயின், அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள, இடைவெளியை அளந்து, பிறகு அடியில், ரிங் உரசாத பகுதியில் அளவெடுங்கள். மேலே 0.75, கீழே 0.30 என்றால் வித்தியாசம் 0.45. அதை 3.14 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.14 மில்லிமீட்டர், அவ்வளவு தேய்ந்திருக்கிறது. ஜிஎக்ஸ்160க்குச் சிலிண்டர் விட்டம் 68.165 தான் எல்லை, இதுவோ 68.14 ஆகிவிட்டது, ஆகவே இந்தச் சிலிண்டர் எல்லையைத் தொடப்போகிறது. இதில் புது ரிங் மட்டும் போடுவது காசைக் கிணற்றில் போடுவதுதான். லேத்தில் கொடுத்துப் பெருப்பித்து, 0.25 அல்லது 0.50 கூடிய பிஸ்டன் போடுவதே மலிவு. பிஸ்டனை முதலில் வாங்கி லேத்காரரிடம் கொடுங்கள். அவர் அதை அளந்து வெட்டட்டும்.

ஹோன் பண்ணிய, அதாவது கல்லால் உட்சுவரைத் தேய்த்துக் கோடு போட்ட, சிலிண்டரைப் பெற்றோலால் துடைத்துவிட்டுப் பூட்டுவது இன்னொரு பிழை. கல்லின் துகள் கோடுகளுக்குள்ளேயே இருந்துவிடும். சவர்க்காரத் தண்ணீரும் பிரஷ்ஷும்தான் அதை வெளியே எடுக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைப்பது கஷ்டம். சுண்ணாம்புக்கல் ஊர் அல்லவா. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் நல்லது. பழைய வெள்ளை வேட்டித் துண்டில் ஒயில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவுங்கள். காய்ந்ததும் உடனே ஒயில் பூசுங்கள், தாமதித்தால் துருப்பிடிக்கும்.

இந்தச் சின்ன எஞ்சின்களில், பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ரொட் அலுமினியம்; உள்ளே தனி பெயரிங் கிடையாது, கிராங்கிலேயே நேராக உரசுகிறது. ஒயில் குறைந்து ஓடியிருந்தால் அலுமினியம் உருகிக் கிராங்கில் அப்பியிருக்கும். அதன் மேலேயே புது ரொட்டைப் போட்டவர்களை எனக்குத் தெரியும். எமரித் தாளால் இரும்பையும் சேர்த்துத் தேய்த்தவர்களையும் தெரியும். அப்பியிருப்பதை மட்டும் பொறுமையாக நீக்கி, கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்து, வட்டம் கெடாதிருந்தால் மட்டும் புது ரொட் போடுங்கள். ரொட்டிலும் மூடியிலும் உள்ள அடையாளங்கள் சேர வேண்டும். ஜிஎக்ஸ்160 ரொட் போல்டை இறுக்க 12 நியூட்டன் மீட்டர் போதும். 20 சென்டிமீட்டர் கைபிடியில் ஏறத்தாழ 6 கிலோ பாரம், அவ்வளவுதான். எங்கள் ஆட்களின் கைக்கணக்கு அதன் இரண்டு மடங்கு.

கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கிராங்க் இரண்டின் பற்சக்கரப் புள்ளிகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ரிங் வாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வரக்கூடாது. பின் கிளிப்பைப் பழையதையே போட வேண்டாம். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பழைய வகை ஜிஎக்ஸ்160க்கு உள் வால்வில் 0.15, வெளி வால்வில் 0.20 மில்லிமீட்டர். கம்பிரசன் கேஜ் குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம். கயிறு இழுப்பது இலேசாகட்டும் என்று கேமில் உள்ள ஒரு சின்ன அமைப்பு வெளி வால்வைச் சற்றுத் திறந்து வைக்கிறது.

முதல் ஓட்டம் முழுக்கப் பெற்றோலில் இருக்கட்டும். ஓரிரு மணிநேரத்தில் ஒயிலை வெள்ளைப் பாத்திரம் ஒன்றில் வடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மங்கிய சாம்பல் கலங்கல் புது ரிங் பதிவது. வெள்ளி மாதிரிச் செதில் மினுங்கினால் ரொட் சாப்பிடப்படுகிறது, அன்றைக்கே மறுபடி கழற்றுங்கள்.