ஹஸ்ஸிஃப்: சிப்பாயின் தையல் சுருள்

சிப்பாய்கள் ஊசி, நூல், பொத்தான் வைத்துச் சுருட்டி எடுத்துப் போன துணிப் பைக்கு பிரிட்டிஷ் ராணுவத்தில் 'ஹவுஸ்வைஃப்' என்று பெயர். இல்லத்தரசி என்று பொருள். பேச்சில் தேய்ந்து 'ஹஸ்ஸிஃப்' ஆகிவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வீட்டுப் பெண்கள் தைத்துக் கொடுத்ததைச் சிப்பாய்கள் சுருட்டி எடுத்துப் போனார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையே கொடுத்தது. அதற்குள் ஒரு திம்பிள் (தைக்கும்போது ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் உறை), சாம்பல் நிறக் கம்பளி நூல் இரண்டு உருண்டை, அட்டையில் சுற்றிய லினன் நூல் 50 கெஜம் (சுமார் 46 மீட்டர்), ஊசிகள், பித்தளைப் பொத்தான்கள், பேட்டில்டிரெஸ் என்ற கம்பளிப் போர் உடுப்புக்கான பிளாஸ்டிக் பொத்தான்கள்.

அதே போல ஒன்று செய்ய, காடாத் துணியை 42 × 14 செ.மீ. வெட்டி, நாலு பக்கமும் ஒரு செ.மீ. மடித்துத் தையுங்கள். ஒரு முனையை 10 செ.மீ. மேலே மடித்தால் பை. பக்கங்களைப் பின்தையலில் போட்டு, பை வாயின் இரு மூலையிலும் இரட்டையாக ஓட்டுங்கள். பொத்தான் கனத்தில் முதலில் விடுவது அங்கேதான். பைக்கு மேலே 6 × 8 செ.மீ. கம்பளித் துண்டை மேல் விளிம்பில் மட்டும் தைத்துவிட்டால் ஊசி குத்த இடம் ஆயிற்று. பருத்தியில் குத்தினால் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். மறுமுனையின் வெளிப்பக்கம் நடுவில் 50 செ.மீ. நாடா. சுருட்டும்போது பை உள்ளே போகும்படி பை முனையிலிருந்து தொடங்க வேண்டும். மாற்றிச் சுருட்டினால் பொத்தான் எல்லாம் மூட்டைக்குள் சிதறும்.

பொத்தானுக்கு லினன் நூலை இரட்டையாக்கி, தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பொத்தானுக்கு அடியில் ஒரு தீக்குச்சி வைத்துத் தைத்து, குச்சியை உருவி, அடியில் நாலு சுற்று சுற்றி முடியுங்கள். இந்தக் கழுத்து இல்லாவிட்டால் தடித்த கம்பளி உடுப்பில் பொத்தான் துளைக்குள் நுழையாது. பின்னால் வளையம் உள்ள பொத்தானுக்குக் குச்சி வேண்டாம்.

இந்தச் சுருளில் உண்மையில் மதிப்புள்ளது கம்பளி நூல்தான். பொத்தான் போனால் சட்டை திறக்கும். சாக்ஸ் ஓட்டையானால் குதிகால் கொப்பளித்து நடையே நின்றுவிடும். ஓட்டையின் இரு விளிம்பையும் இழுத்துச் சேர்த்துத் தைக்கவே கூடாது, அந்த மேடு பூட்ஸுக்குள் கல் மாதிரி உறுத்தும். சாக்ஸுக்குள் தகரக் குவளையின் அடிப்பாகத்தைக் கொடுத்து, ஓட்டையைச் சுற்றி 1.5 செ.மீ. தள்ளி நல்ல பின்னலில் ஆரம்பியுங்கள். முடிச்சு போடாதீர்கள், நூல் வாலை விட்டுவிடுங்கள். முதலில் நீளவாக்கில் நெருக்கமாக இழைகள். ஒவ்வொரு திருப்பத்திலும் சின்னக் கண்ணி ஒன்றைத் தொங்கவிடுங்கள், துவைத்ததும் கம்பளி சுருங்கும். பிறகு குறுக்கே, ஓர் இழைக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று பாய் முடைவது போல ஓட்டுங்கள். அடுத்த வரிசையில் மாற்றி.

அவசரத்துக்கு லினன் நூலில் ஓட்டிவிடத் தோன்றும். அது மெல்லியது, முறுக்கேறியது. சுற்றியுள்ள கம்பளியை அறுத்து, பழைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்றைத் திறந்துவிடும்.