சரியும் கணினி நிறுவனப் பங்கைக் கையில் வைத்திருப்பவர் செய்ய வேண்டியவை

கணினி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் பங்கு காலாண்டுதோறும் சரியும்போது, பலர் தாம் வாங்கிய விலை மீண்டும் வரட்டும், அப்போது விற்றுவிடலாம் என்று காத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கேட்வே நிறுவனத்தில் அப்படிக் காத்திருந்தவர்களுக்கு அந்த விலை வரவேயில்லை. 1999 இறுதியில் 80 டாலரைத் தாண்டியிருந்த அந்தப் பங்கை, 2007-இல் தைவானின் கணினி நிறுவனமான ஏசர் 1.90 டாலர் கொடுத்து வாங்கியது. ஆகவே வாங்கிய விலையை ஒதுக்கிவிட்டு, இன்று கையில் ரொக்கம் இருந்தால் இதே பங்கை இன்றைய விலைக்கு வாங்குவேனா என்று உங்களையே கேளுங்கள். வாங்க மாட்டேன் என்று தோன்றினால், விலை மலிந்துவிட்டது என்பதற்காக மேலும் வாங்கி, உங்கள் சராசரி வாங்கு விலையைக் குறைக்க முயல வேண்டாம்.

அந்தக் கேள்விக்கான விடையை நிர்வாகத்தின் பேச்சில் தேடாமல் நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் தேடுங்கள். டெல் போன்ற நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் முதலிலேயே பணம் பெற்று, உதிரிபாகம் தந்தவர்களுக்குப் பல வாரங்கள் கழித்துக் கொடுத்து வளர்ந்தவை. விற்பனை பெருகும் வரை இந்த இடைவெளி ரொக்கத்தைக் குவிக்கும். விற்பனை சுருங்கினாலோ, பழைய பாக்கிகளைத் தீர்க்க வேண்டிய அதே வேளையில் உள்ளே வரும் பணம் குறைந்துவிடும். எனவே பெரிதாகத் தெரியும் கையிருப்பைக் கண்டு ஆறுதல் அடையாமல், கடனையும் கொடுக்க வேண்டிய பாக்கியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது சரக்கிருப்பு. கணினி உதிரிபாகங்கள் கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் மதிப்பை இழப்பவை என்பதால், மீட்சி உண்மையானதா என்பதை இந்த எண் பெரும்பாலும் முன்னதாகவே காட்டிவிடும். 1997 நிதியாண்டில் ஆப்பிள் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டமடைந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்து தயாரிப்பு வகைகளை வெட்டிக் குறைத்தபின், 43.7 கோடி டாலராக இருந்த சரக்கிருப்பு ஒரே ஆண்டில் 7.8 கோடியாக இறங்கியது. அந்த ஆண்டு நிறுவனம் லாபத்துக்கும் திரும்பியது. இத்தகைய மாற்றம் எதுவும் கணக்கில் தென்படாமல், ஆட்குறைப்பு, ஆலை மூடல் போன்ற மறுசீரமைப்புச் செலவு மட்டும் ஆண்டுதோறும் "ஒருமுறைச் செலவு" என்ற பெயரில் வந்துகொண்டிருந்தால், வெளியேறுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

விலை அடிமட்டத்தில் இருக்கும்போது, நிறுவனத்தை முழுவதுமாக வாங்க யாரேனும் முன்வரக்கூடும். சிறு முதலீட்டாளர் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டிய கட்டம் இதுவே. 2013-இல் டெல் நிறுவனர் மைக்கேல் டெல்லும் சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனமும் டெல் பங்குகளை 13.75 டாலருக்கு வாங்க முன்வந்தபோது, விலை போதாது என்று பெருமுதலீட்டாளர் கார்ல் ஐகான் கடுமையாக எதிர்த்தும் பங்குதாரர்கள் ஒப்புதல் அளித்தார்கள். டெல் பதிவாகியிருந்த அமெரிக்காவின் டெலவேர் மாநிலச் சட்டப்படி, இத்தகைய பேரத்தை ஏற்காதவர் தம் பங்கின் நியாயமான மதிப்பை நிர்ணயிக்குமாறு நீதிமன்றத்தைக் கோரலாம். ஆனால் வாக்கெடுப்புக்கு முன்பே எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்திருக்க வேண்டும், பேரத்துக்கு ஆதரவாக வாக்களித்திருக்கவும் கூடாது. டெல் வழக்கில் 2016-இல் கீழ்நீதிமன்றம் 17.62 டாலர் என்று மதிப்பிட்டது. 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பேரத்தை எதிர்த்த டி. ரோ பிரைஸ் என்ற நிதி மேலாண்மை நிறுவனமோ, அதன் வாக்குகள் தவறுதலாக ஆதரவாகப் பதிவானதால் இந்த உரிமையையே இழந்து, தன் வாடிக்கையாளர்களுக்குச் சுமார் 19.4 கோடி டாலர் ஈடு செய்தது. உங்கள் வாக்கைத் தரகர் வழியே அளிப்பதாக இருந்தால், அது எந்தப் பக்கம் பதிவாகியிருக்கிறது என்பதைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.